பன்னிரண்டு பேரில் ஒருவருக்குத் தலைவலி வந்தால்: லடாக் கிளம்பும் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்



கோடை விடுமுறைக்கு லடாக் என்று முடிவாகிவிட்டது. வாட்ஸ்அப் குழு தொடங்கி, அதற்குப் பாங்காங் ஏரியின் நீலப் படத்தையும் வைத்தாயிற்று. கல்லூரியில் ஒன்றாகப் படித்தவர்களாக இருப்பீர்கள். ஒரே அடுக்ககத்தில் குடியிருப்பவர்களாக இருப்பீர்கள். அண்ணன் தம்பி குடும்பங்களோடு சம்பந்தி வீட்டாரும் சேர்ந்து, பெரியவரும் சிறியவருமாகப் பன்னிரண்டு பேராக இருப்பீர்கள். உங்களில் சுறுசுறுப்பான ஒருவர் நாலைந்து ஏஜென்டுகளிடம் விலை விசாரித்து, 'ஐந்து இரவு, ஆறு பகல்' என்று ஒரு பேக்கேஜைக் குழுவில் போட்டிருப்பார். இன்னும் முன்பணம் கட்டவில்லை என்றால், கட்டுவதற்கு முன் எல்லோரும் இந்தக் கடிதத்தைப் படித்துவிடுங்கள். கட்டியிருந்தாலும் படியுங்கள், தேதிகளை மாற்ற வழியிருக்கும்.

தனியாகவோ கணவன் மனைவியாகவோ போகிறவர்களை மனதில் வைத்து இதை நான் எழுதவில்லை. அவர்களுக்கு முடியவில்லை என்றால் அன்றைய திட்டத்தை விட்டுவிட்டு அறையில் படுத்துக்கொள்வார்கள். யாரிடமும் மன்னிப்புக் கேட்க வேண்டியதில்லை. பன்னிரண்டு பேர் ஒரே வண்டியில் போகும்போது அது அவ்வளவு எளிதாக நடப்பதில்லை. லடாக்கில் குழுக்களோடு சுற்றியபோது எனக்குத் திரும்பத் திரும்பக் கவலை தந்த விஷயம் இதுதான்.

முதலில் உயரத்தைப் பார்த்துவிடுவோம். தமிழ்நாட்டின் மிக உயரமான சிகரம் தொட்டபெட்டா, 2,637 மீட்டர். லே நகரம் ஏறக்குறைய 3,500 மீட்டரில் இருக்கிறது. ஊட்டியில் ஓடியாடினோம், கொடைக்கானலில் படகு விட்டோம், ஒன்றும் ஆகவில்லை என்ற அனுபவம் இங்கே செல்லாது. நம் ஊர் மலைகளில் எங்கு ஏறினாலும் இந்த உயரத்துக்கு நம் உடம்பு எப்படி நடந்துகொள்ளும் என்று தெரிந்துகொள்ளவே முடியாது. டெல்லியில் விடிகாலையில் ஏறினால் ஒன்றேகால் மணி நேரத்தில் விமானம் உங்களை லேயில் இறக்கிவிடும். காற்றில் ஆக்சிஜனின் பங்கு மெரினாவிலும் லேயிலும் அதே 21 விழுக்காடுதான். ஆனால் காற்றழுத்தம் குறைந்துவிடுவதால், ஒரு மூச்சில் உள்ளே போகும் ஆக்சிஜன் கடலோரத்தில் கிடைப்பதில் மூன்றில் இரண்டு பங்காகிவிடுகிறது. கர்துங் லா கணவாயின் உச்சியில், 5,359 மீட்டரில், அது பாதியைச் சற்றே தாண்டும்.

உடம்பு இதற்குப் பழகிக்கொள்ளும். மூச்சு ஆழமாகும், சிறுநீர் அதிகம் பிரியும், நாள்கள் போகப்போக ரத்தத்தில் சிவப்பணுக்கள் கூடும். இவை எதையும் அவசரப்படுத்த முடியாது. இதை நம் நாடு விலை கொடுத்துக் கற்றிருக்கிறது. 1962 போரின்போது சமவெளியிலிருந்து அவசரமாக மேலே கொண்டுபோகப்பட்ட இந்தியச் சிப்பாய்கள் பலர் எதிரியின் குண்டு படாமலேயே மூச்சுத் திணறி விழுந்தார்கள். டாக்டர் இந்தர் சிங்கும் அவருடைய சகாக்களும் 1,925 சிப்பாய்களின் நிலையை ஆராய்ந்து 1969-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். உயர நோயைப் பற்றிப் படிக்கிற மருத்துவர்கள் இன்றும் அதற்குத் திரும்பிப் போகிறார்கள். இன்றைய ராணுவ முறைப்படி 9,000 அடிக்கும் 12,000 அடிக்கும் இடையில் ஆறு நாள் பழக வேண்டும். அங்கிருந்து 15,000 அடிவரை போக மேலும் நான்கு நாள். அதற்கும் மேலே என்றால் இன்னொரு நான்கு நாள். தேர்ந்தெடுத்து, பயிற்சி கொடுத்து, கட்டுக்கோப்பாக வைத்திருக்கும் இளம் உடம்புகளுக்கு முதல் படியில் ஆறு நாள். சர்க்கரை மாத்திரையும் ரத்தக்கொதிப்பு மாத்திரையும் சாப்பிடும் உங்கள் அத்தைக்கு அந்தப் பேக்கேஜ் ஒதுக்கியிருப்பது ஒரே ஒரு நாள்.

இப்போது அந்தப் பேக்கேஜ் தாளை எடுங்கள். ஊர்ப் பெயர்களையும் 'சூரிய அஸ்தமனக் காட்சி' முதலியவற்றையும் விட்டுவிட்டு, ஒவ்வோர் இரவும் நீங்கள் தூங்கப்போகும் இடத்தின் உயரத்தை மட்டும் ஓரத்தில் எழுதுங்கள். பெரும்பாலும் இப்படித்தான் வரும்: முதல் இரண்டு இரவு லே, 3,500 மீட்டர். மூன்றாம் இரவு நுப்ரா பள்ளத்தாக்கில் டிஸ்கிட் அல்லது ஹுண்டர், சுமார் 3,100. நான்காம் இரவு பாங்காங் கரையில், சுமார் 4,250. ஐந்தாம் இரவு மறுபடி லே, ஆறாம் நாள் விடியலில் விமானம். மூவாயிரம் மீட்டரைத் தாண்டியபின் தூங்கும் உயரத்தை ஓர் இரவுக்கு ஐந்நூறு மீட்டருக்கு மேல் கூட்டாதீர்கள் என்று மலை மருத்துவர்கள் சொல்கிறார்கள். இந்தத் தாளில் மூன்றாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில் ஆயிரத்துக்கும் மேல் கூடுகிறது.

பாங்காங்கைப் பற்றி இன்னொன்றும் உண்டு, வரைபடத்தை விரித்துப் பாருங்கள். உயர நோய்க்கு நம்பகமான வைத்தியம் கீழே இறங்குவதுதான். ஆக்சிஜனும் மருந்தும் இறங்கும்வரை தாக்குப்பிடிக்கத்தான் உதவும். பாங்காங்கிலிருந்து லேக்கு வரும் சாலையோ சாங் லா கணவாயைத் தாண்டுகிறது. அது ஏறக்குறைய 5,360 மீட்டர். இரவு ஒரு மணிக்கு மூச்சுத் திணறும் ஒருவரைக் காப்பாற்ற, அவரை முதலில் இன்னும் ஆயிரம் மீட்டர் மேலே கொண்டுபோக வேண்டும். ஷியோக் ஆற்றை ஒட்டி நுப்ராவுக்குப் போகும் பாதை இறக்கம்தான். ஆனால் வெள்ளமும் கற்சரிவும் அதை மறிப்பதுண்டு. நுப்ராவுக்குப் போய்ச் சேர்ந்தாலும் லேயில் இருக்கும் பெரிய மருத்துவமனைக்கு வரக் கர்துங் லாவைக் கடக்க வேண்டும். 2009-ல் வந்த '3 இடியட்ஸ்' படம் அந்த ஏரியை நாடு முழுவதற்கும் காட்டிவிட்டது. அங்கே கூடாரத்தில் ஓர் இரவு தூங்காவிட்டால் லடாக் போனதாகவே ஆகாது என்ற எண்ணம் அதற்குப்பின் பரவிவிட்டது. அதை ஒருபோதும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

உயரத்தைப் பற்றிய இந்த விவரங்களை ஓரளவு எல்லா வழிகாட்டிகளும் சொல்லும். குழுவுக்குள் நடப்பதைத்தான் யாரும் எழுதுவதில்லை.

பாங்காங் கரையில் ஒரு மதிய வேளையில் பார்த்தேன். நம் பக்கத்துக் குடும்பம் ஒன்று தண்ணீரோரம் நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தது. அவர்கள் வந்த டெம்போ டிராவலரின் முன் இருக்கையில் அறுபது வயதிருக்கும் ஓர் அம்மா, சால்வையை நெற்றிவரை இழுத்துவிட்டுக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். பேச்சுக் கொடுத்தேன். முதல் நாள் இரவு தூங்கவில்லை, காலையில் இரண்டு முறை வாந்தி, தலை பிளக்கிறது என்றார். மகனிடம் சொன்னீர்களா என்று கேட்டேன். "எதுக்குப்பா... ஆசையா வந்திருக்காங்க. நாளைக்குத்தான் கீழ போயிடுவோமே" என்றார். அன்றிரவும் அவர்கள் அங்கே தங்குவதாக இருந்தது. ஓட்டுநருக்கு அவர் நிலைமை தெரிந்தே இருந்தது. காலையிலேயே சொன்னேன், யாரும் காதில் வாங்கவில்லை என்றார் அவர். மகனைக் கூப்பிட்டு நாங்கள் இருவரும் சேர்ந்து பேசிய பிறகு வண்டி திரும்பியது. அந்த மகன் பாசமில்லாதவர் இல்லை. அம்மா சொல்லவில்லை, அவருக்குத் தெரியவில்லை. அவ்வளவுதான்.

நம் வீடுகளில் பெரியவர்கள் இப்படித்தான். தன்னால் மற்றவர்களின் சந்தோஷம் கெட்டுவிடக் கூடாது என்று வலியை விழுங்குவார்கள். இருபத்தைந்து வயதுப் பையன்கள் வேறொரு காரணத்துக்காக மறைக்கிறார்கள்: ஜிம்முக்குப் போகிறவன், மாரத்தான் ஓடுகிறவன், தனக்குத் தலை சுற்றுகிறது என்று நண்பர்கள் முன்னால் சொல்ல மாட்டான். உடல் வலிமை உயர நோயிலிருந்து காப்பாற்றுவதில்லை. திடகாத்திரமானவர்கள் வந்திறங்கிய அன்றே படியேறி லே அரண்மனைக்கும் சாந்தி ஸ்தூபிக்கும் ஓடுவதால் அவர்களுக்குத்தான் ஆபத்து கூடுகிறது. குழந்தைகளுக்குத் தலைவலி என்று சொல்லத் தெரியாது. விளையாடாமல், சாப்பிடாமல், காரணமில்லாமல் சிணுங்கினால் அதையே அறிகுறியாக எடுத்துக்கொள்ள வேண்டும். இத்தனைக்கும் நடுவில் பயணத்தை ஏற்பாடு செய்தவர் இருக்கிறார். எல்லோருடைய பணமும் அவர் கையில் இருக்கிறது. திட்டத்தில் ஓர் இடம் விட்டுப்போனாலும் தன்மேல்தான் குறை வரும் என்று அவரும் பயப்படுகிறார். ஆளுக்கொரு காரணத்துக்காக எல்லோரும் வாயை மூடிக்கொள்ள, வண்டி மேலே ஏறிக்கொண்டே போகிறது.

அதனால் டிக்கெட் போடுவதற்கு முன் உங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் செய்துகொள்ளுங்கள். யார் ஒருவருக்கு முடியவில்லை என்றாலும் குழு அன்று மேலே ஏறாது. குணமாகவில்லை என்றால் அவரைக் கீழே இறக்கிவிடும். நேருக்கு நேர் எல்லோரும் கூடி உட்கார்ந்திருக்கும்போது, பெரியவர்கள் காதில் விழும்படி இதைச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு அந்த அனுமதி முன்கூட்டியே கிடைக்க வேண்டும். இறங்க வேண்டி வந்தால் கூடப் போகிறவர் யார் என்பதையும் அப்போதே பேசிவிடுங்கள். அதற்காகும் செலவைப் பொதுப் பணத்திலிருந்து எடுப்பதாக முடிவு செய்யுங்கள். இல்லாவிட்டால் செலவை நினைத்தே ஒருவர் இருமலை அடக்கிக்கொள்வார். பன்னிரண்டு பேருக்கு ஒரு டெம்போ டிராவலர் மலிவுதான். இருந்தாலும் இரண்டு இன்னோவாவாக எடுங்கள் என்பேன். ஒரு வண்டி திரும்ப வேண்டியிருந்தால், மீதிப் பேர் பத்திரமான உயரத்தில் காத்திருக்க இன்னொரு வண்டி இருக்கும்.

ஒரே அறையில் தங்குகிறவர்கள் காலையும் மாலையும் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ள வேண்டும். லேசான தலைவலி, பசியின்மை, சோர்வு, தூக்கம் பிடிக்காதது எல்லாம் முதல் இரண்டு நாள் பலருக்கும் வரும், ஓய்வெடுத்தால் போய்விடும். இவை இருக்கும்போது மேலே ஏறாதிருந்தாலே போதும். பயப்பட வேண்டியவை வேறு. சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குவது, விடாத இருமல், உதடும் நகமும் நீலம் பாய்வது, சளியில் இளஞ்சிவப்பு நுரை காண்பது: இது நுரையீரலில் நீர் கோக்கும் அடையாளம், பெரும்பாலும் இரண்டாம் இரவுக்கும் நான்காம் இரவுக்கும் இடையில் வரும். பேச்சுக் குழறுவது, சம்பந்தமில்லாமல் பதில் சொல்வது, ஒரு கோட்டின்மேல் குதிகாலும் பெருவிரலும் தொடும்படி அடிவைத்து நடக்கச் சொன்னால் தள்ளாடுவது: இது மூளை வீங்கும் அடையாளம். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திருக்கக் கூடாது.

விரலில் மாட்டும் ஆக்சிமீட்டர் எல்லாக் குழுக்களிலும் இருக்கிறது. நம் ஊரில் 97, 98 காட்டுவது லேயில் 88, 90 என்று காட்டினால் அந்த உயரத்துக்கு அது இயல்புதான். எண்ணை வைத்து ஒருவரோடொருவர் போட்டி போடாமல், ஆளைப் பாருங்கள். கடைகளில் விற்கும் சின்ன ஆக்சிஜன் டப்பாவில் இருப்பது சில நிமிடக் காற்று. அதை நம்பி மேலே ஏறுவது தவறு. அசிட்டசோலமைடு, அதாவது டயமாக்ஸ் மாத்திரை உடம்பு பழகுவதற்கு உண்மையிலேயே உதவுகிறது. ஆனால் சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்களும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் இருக்கிறார்கள் என்பதால் கிளம்புவதற்கு முன் ஒவ்வொருவரும் தங்கள் மருத்துவரிடம் கேட்டு முடிவு செய்யுங்கள். ஒரே அட்டையைப் பிரித்துக் குழு முழுவதற்கும் விநியோகிக்காதீர்கள். முதல் இரண்டு இரவு மதுவும் தூக்க மாத்திரையும் வேண்டாம். வந்து சேர்ந்த கொண்டாட்டம் எல்லாக் குழுவிலும் முதல் இரவிலேயே தொடங்குகிறது. அதைக் கடைசி இரவுக்குத் தள்ளிவையுங்கள்.

சரி, எப்படித்தான் போவது? என்னிடம் கேட்டால் எட்டு இரவுக்குக் குறையாமல் திட்டமிடுங்கள் என்பேன். விமானத்தில் இறங்கியதும் லே ஊருக்குள் போகாமல், சிந்து நதியோடு மேற்கே இறங்கி ஆல்ச்சிக்குப் போய்விடுங்கள். அறுபத்தைந்து கிலோமீட்டர் தூரம், லேயைவிட நானூறு மீட்டர் தாழ்வு. முதல் இரண்டு இரவு அங்கே தூங்குவது உடம்புக்குச் செய்யும் பெரிய உதவி. ஆல்ச்சியில் பகலை என்ன செய்வது என்று கவலைப்பட வேண்டாம். வெளியே மண் சுவர்களாகத் தெரியும் அந்தச் சிறிய கோயில்களுக்குள் காஷ்மீர ஓவியர்களின் கைவண்ணம் நூற்றாண்டுகள் கடந்து நிற்கிறது. சும்ட்செக் என்ற மூன்றடுக்குக் கோயிலில் ஆளுயரத்தைத் தாண்டி நிற்கும் போதிசத்துவர்களின் ஆடை முழுவதும் நுணுக்கமான சித்திரங்கள். உள்ளே படம் எடுக்க அனுமதியில்லை. கண் இருட்டுக்குப் பழகும்வரை நிற்க வேண்டும். வெளியே வந்தால் ஆப்ரிகாட் மரங்கள், பார்லி வயல், கீழே நதி. 'ஜூலே' என்று வணக்கம் சொன்னால் பதிலுக்கு 'ஜூலே' சொல்லிவிட்டுத் தங்கள் வேலையைத் தொடரும் மனிதர்கள். அவசரக்காரப் பேக்கேஜ்களில் இந்த ஊருக்கு நாற்பது நிமிடம் ஒதுக்குகிறார்கள்.

பிறகு லேயில் இரண்டு இரவு. செங்கே நம்கியால் 17-ம் நூற்றாண்டில் கட்டிய ஒன்பதடுக்கு அரண்மனைக்கு இப்போது நிதானமாக ஏறலாம். எல்லோரும் நலம் என்றால் கர்துங் லா. உச்சியில் பத்துப் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்காமல் நுப்ராவுக்கு இறங்கிவிடுங்கள். டிஸ்கிட்டில் ஷியோக் பள்ளத்தாக்கைப் பார்த்து அமர்ந்திருக்கும் 32 மீட்டர் மைத்ரேயர் சிலை, ஹுண்டரின் மணல்மேடுகள், இரட்டைத் திமில் ஒட்டகங்கள். அங்கிருந்து பெரும்பாலான குழுக்கள் பாங்காங்குக்கு ஏறும். நீங்கள் ஆற்றோடு இன்னும் கீழே, துர்த்துக் வரை போங்கள். 1971 போரில் இந்தியாவின் வசமான, பால்ட்டி மக்கள் வாழும் கிராமம் அது. 2010-ல்தான் சுற்றுலாவுக்குத் திறந்தார்கள். மூவாயிரம் மீட்டருக்கும் கீழே இருப்பதால் மூச்சு இலகுவாகும். ஜூலை மாதமென்றால் ஆப்ரிகாட் பழுத்துத் தொங்கும். பெரியவர்கள் உள்ள குழுவுக்கு லடாக்கில் இதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியாது. இவ்வளவுக்கும் பிறகு லே திரும்பி, நாள் மிச்சமிருந்து, உடம்பும் ஒத்துழைக்கிறவர்கள் மட்டும் பாங்காங்கைப் பகலில் போய்ப் பார்த்து அன்றே திரும்பட்டும். நீண்ட நாளாகத்தான் இருக்கும். மற்றவர்கள் லே கடைத்தெருவில் துக்பா சாப்பிட்டபடி காத்திருக்கட்டும். குழு பிரிந்தால் உறவு முறிந்துவிடாது.

இன்னும் கூடுதல் நாள்கள் உள்ள, உயரம் பழகிய சிறு குழுவென்றால் ஹான்லேயைச் சொல்வேன். கொடைக்கானல், காவலூர் வானாய்வகங்களை நடத்தும் பெங்களூர் இந்திய வானியற்பியல் நிறுவனம்தான் அங்கே 4,500 மீட்டரில் இரண்டு மீட்டர் தொலைநோக்கியை வைத்திருக்கிறது. ஆனால் அந்த ஊர் பயணத்தின் இறுதிப் பகுதியில்தான் வர வேண்டும்.

சாலையில் போக நினைப்பவர்களுக்கு: ஸ்ரீநகர், கார்கில் வழி படிப்படியாக ஏற்றும். கார்கில் 2,676 மீட்டர்தான்; அங்கே ஓர் இரவு தூங்கிவிட்டு லே போகலாம். மணாலி வழியில் முதல் இரவையே சர்ச்சுக் கூடாரங்களில் கழிக்கவைக்கும் திட்டத்தை ஏற்காதீர்கள். 2,050 மீட்டரிலிருந்து ஒரே நாளில் ஏறக்குறைய 4,300க்குப் போய்ப் படுப்பது அது. ஜிஸ்பாவிலோ கேலாங்கிலோ தங்கிப் போங்கள்.

ஒரு வேண்டுகோள், ஊர்க்காரர்கள் சார்பில். லேயில் ஆண்டு முழுவதும் பெய்யும் மழை பத்து சென்டிமீட்டர் அளவுதான். பனியாற்று நீர்தான் வயலுக்கும் வீட்டுக்கும். வசந்தத்தில் விதைப்பு நேரத்துத் தட்டுப்பாட்டைச் சமாளிக்க, லடாக் பொறியாளர்களில் செவாங் நோர்பெல் செயற்கைப் பனிப்பாளங்களை உண்டாக்கினார்; சோனம் வாங்சுக் பனி ஸ்தூபிகளை எழுப்பினார். அப்படிச் சேமிக்கிற ஊரில் பன்னிரண்டு பேர் ஒரே நேரத்தில் போய் இறங்குகிறோம். ஹோம்ஸ்டேயில் மண் போட்டு மூடும் உலர் கழிப்பறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். குளியலை வாளியோடு நிறுத்திக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் குளிக்காமல் இருப்பது உங்கள் உடம்புக்கும் நல்லது.

வெளி மாநில ப்ரீபெய்டு சிம் அங்கே வேலை செய்யாது. இரண்டு மூன்று பேராவது போஸ்ட்பெய்டு வைத்துக்கொள்ளுங்கள். லே விமானங்கள் வானிலையால் ரத்தாவது சகஜம் என்பதால் டெல்லியில் அடுத்த விமானத்தை அன்றே போடாதீர்கள். ஏஜென்டிடம் ஒவ்வோர் இரவும் தங்கும் இடத்தின் உயரத்தை எழுதித் தரச் சொல்லிக் கேளுங்கள். எழுதித் தர மறுக்கிறவரோடு பயணம் போக வேண்டாம்.

கடைசியாக, ஓட்டுநர். லடாக்கி ஓட்டுநர்கள் பின்னாடி பார்க்கும் கண்ணாடியிலேயே ஆளின் முகம் வெளுப்பதைக் கண்டுபிடித்துவிடுவார்கள். ஆனால் வாடிக்கையாளரிடம் வற்புறுத்திச் சொல்லத் தயங்குவார்கள். பயணம் பாதியில் நின்றால் கூலி குறையுமோ என்ற பயமும் இருக்கும். முதல் நாள் காலையில் குழு முழுவதும் கூடியிருக்கும்போதே அவரிடம் சொல்லிவிடுங்கள்: "அண்ணா, எங்களில் யாருக்காவது முடியவில்லை என்று உங்களுக்குப் பட்டால் எங்களைக் கேட்க வேண்டாம், வண்டியைத் திருப்பிவிடுங்கள். பேசிய தொகை முழுவதும் உங்களுக்கு வந்துவிடும்."

அன்புடன்,
உங்கள் சக பயணி